கோமளா மிஸ்ஸின் பாதி

செவ்வாய்க்கிழமை காலை, கிண்ணியாப் பாலத்தின் நடுவில் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டித் தொலைபேசியை எடுத்தேன். பாலத்தில் நிற்பாட்டக் கூடாதென்று எனக்குத் தெரியும். ஆனால் மூன்றாவது தடவையாக அடித்தது கோமளா மிஸ்ஸின் மகளின் இலக்கம்.

"மாமா, அம்மா போயிட்டா" என்றார் அந்தப் பிள்ளை.

"எங்க போனா?" என்று கேட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் கேட்கிற கேள்வியா அது? அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் விளங்கியது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோன் அடித்துக்கொண்டே இருந்தான்.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது கண்ணீர் அல்ல. அவருடைய பாதியும் அவரோடு போய்விட்டது என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. பதினேழு வருடம் அடுத்தடுத்த மேசையில் இருந்த ஒருவரின் மரணச் செய்தி கேட்டதும் மனம் அப்படிப் போனதற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது. அது என்ன பாதி என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றி என்னால் எழுத முடியாது. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று மகள் கேட்டிருந்தார். இரண்டு பக்கத்துக்குள் இது அடங்கவில்லை. மன்னிக்கவேண்டும்.

கோமளேஸ்வரி என்பது முழுப்பெயர். ஊர் ஈச்சிலம்பற்று. தகப்பனார் வயல் செய்தவர். இரண்டு முறை இடம்பெயர்ந்து, மூன்று பாடசாலைகளில் படித்து, கணினிப் படிப்பைத் திருகோணமலை நகரில் ஒரு வாடகை அறையில் இருந்து முடித்தவர். கணவர் காலமானபோது மகளுக்கு நான்கு வயது. எங்கள் அலுவலகத்தில் அவருடைய பதவிக்கு ஒரு நீண்ட பெயர் இருந்தது. அதை அவரே ஒருநாளும் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் அட்மின் மிஸ்.

அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் மாடிக் கட்டடம், கரையோர மீன்பிடிக்கு அனுமதி கொடுக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைவலை இழுக்கும் கடற்கரைத் துண்டைப் பாடு என்பார்கள். ஒரு பாட்டுக்கு ஓர் அனுமதிதான். முதலில் விண்ணப்பம் பதிந்தவருக்கே அது. யார் முதல் என்பதைச் சொல்வது, பற்றுச்சீட்டில் கணினி அடித்துக் கொடுக்கும் திகதியும் நேரமும். கணினியைப் பார்த்துக்கொள்வது கோமளா மிஸ்ஸின் வேலை. விண்ணப்பத்தைப் பதிந்து பற்றுச்சீட்டை அச்சடித்துக் கொடுப்பது என் வேலை.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லவேண்டும். காலையில் வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்து, ஒவ்வொரு மேசைக்கும் கீழே குனிந்து பிளக்குகளைக் கழற்றித் துடைப்பார். கடல்காற்றில் உப்பு ஏறிவிடும். "இந்த ஊரில எனக்கு முதல் எதிரி உப்பு, ரெண்டாவது நீங்கள் எல்லாரும்" என்பார். வாசலில் நிற்கும் மான்கள், பிழையாக அச்சடித்துக் கழித்த தாள்களைத் தின்ன வரும். மிஸ் கீழே இறங்கிப் போய் அந்தத் தாள்களைப் பறித்துவிட்டு வாழைப்பழத் தோலைப் போடுவார். நோன்பு காலத்தில் என் முன்னால் தேநீர் குடிக்கமாட்டார். இங்கேயே குடிங்க மிஸ் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கோப்பையை எடுத்துக்கொண்டு பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்குள் போய், தூசிக்குள் நின்று குடித்துவிட்டுத் தும்மிக்கொண்டு வருவார்.

அவர் வந்த புதிதில் நடந்தது இது. எங்கள் ஆட்களுக்குக் கணினியின் அமைப்புகளுக்குள் போய்க் கைவைக்காவிட்டால் பொழுது போகாது. ஒருவர் எழுத்தைப் பெரிதாக்குவார். இன்னொருவர் திரையில் மகளின் சாமத்தியச் சடங்குப் படத்தைப் போடுவார். ஒருவர் பிரின்டரையே அழித்துவிட்டு, "அது தானாப் போயிட்டுது" என்று சாதிப்பார். பொறுத்துப் பார்த்த மிஸ், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அமைப்புகள் பக்கத்தையே எல்லோருக்கும் பூட்டினார். திங்கட்கிழமை வந்து புதுப் பிரின்டரைப் பொருத்தப் பார்த்தால் அவருக்கும் திறக்கவில்லை. "எல்லோரும்" என்று தெரிவு செய்தபோது அட்மினும் அந்த எல்லோருக்குள் அடக்கம் என்பதை மறந்துவிட்டார்.

"நானா, திறப்பை உள்ளுக்க வைச்சிட்டு வீட்டைப் பூட்டிப்போட்டன்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு நாள் எங்கள் எல்லோருடைய கிண்டலையும் கேட்டுக்கொண்டு, கணினியை வேறு விதமாகத் தொடக்கி, பின்பக்கத்தால் ஏறிக் குதிக்கிற மாதிரி உள்ளே போய்த் தன்னுடைய அனுமதியைத் தானே மீட்டெடுத்தார். மூன்றாம் நாள் எல்லோருக்கும் லட்டு வாங்கிவந்தார். அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு, அலுவலகத்தில் யார் என்ன பிழை விட்டாலும் "திறப்பு உள்ளுக்கயோ?" என்று கேட்பது எங்களுக்குப் பழக்கமாயிற்று. முதலில் சிரிப்பவர் அவர்தான்.

இனி எழுதப்போவது சிரிக்கிற கதை அல்ல.

சம்பூர்ப் பக்கத்தில் ஒரு பாடு. பாக்கியராசா அண்ணனின் தகப்பன் காலத்துப் பாடு அது. சனம் இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்த வருடங்களில் அது கைவிட்டுப் போயிற்று. மீளக் குடியேறிய பிறகு, அந்தப் பாட்டுக்கு விண்ணப்பம் கோரிய முதல் திங்கட்கிழமை, அவர் விடியப் புறப்பட்டு வந்து எங்கள் வாசல் கேற் திறக்கும் முன்பே நின்றார். நான்தான் பதிந்தேன். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. பற்றுச்சீட்டை இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

புதன்கிழமை மத்தியானம் அப்போதைய மேலதிகாரி எங்கள் அறைக்கு வந்தார். கையில் அதே பாட்டுக்கு இன்னொருவரின் விண்ணப்பம். கதவைச் சாத்திவிட்டு மிஸ்ஸின் கதிரைக்குப் பின்னால் நின்றார்.

"மிஸ், உந்த மெஷினைத் திங்கக்கிழமை காலமைக்கு விடுங்கோ. எட்டு மணி அஞ்சு நிமிசம். ஒரே ஒரு விண்ணப்பம்தான்."

மிஸ் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். யாராவது ஒருவர் அந்த நேரத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும் என்று பிறகு எத்தனையோ தடவை இருவரும் கதைத்திருக்கிறோம். கணினியின் திகதியை மாற்றும் அனுமதி அட்மினுக்கு மட்டும்தான். அவர் மாற்றினார். நான் பதிந்து அச்சடித்தேன். அவர் திகதியைப் புதன்கிழமைக்குத் திருப்பி விட்டார். எல்லாம் பத்து நிமிடத்துக்குள். மேலதிகாரி "தாங்ஸ்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து போனார்.

இரண்டு கிழமை கழித்துப் பட்டியலைப் பார்க்கப் பாக்கியராசா அண்ணன் வந்தார். அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது.

"மிஸ், நான் கேற் திறக்க முதலே வந்து நிண்டனான். எனக்கு முன்னால ஒருத்தரும் இல்லையே."

"பதிவில நேரம் அப்பிடித்தான் கிடக்கு அண்ணன்" என்றார் மிஸ்.

அவர் பட்டியலை மறுபடி பார்த்துவிட்டுக் கேட்டார். "கொம்பியூட்டர் பொய் சொல்லாது, என்ன?"

அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல், படித்த ஒருவரிடம் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். கணினி பொய் சொல்லாதென்றால் பிழை தன்னுடைய ஞாபகத்தில்தான் என்று ஒத்துக்கொள்ள அவர் தயாராக இருந்தார். மிஸ் எழுந்து போய்விட்டார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார்.

மேலதிகாரி இடம் மாறிப் போகும்வரை அவர் ஒன்றும் செய்யவில்லை. பயந்தவர்தான், நானும் பயந்தவன்தான். அதை மறைத்து அவரை வீராங்கனை ஆக்கினால் அவருக்கே பிடிக்காது. மேலதிகாரி போன அடுத்த கிழமை என் மேசைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"நானா, அட்மின் எண்டால் எல்லாம் ஏலும் எண்டு இருக்கிறதுதான் பிழை. அண்டைக்கு எனக்கு உண்மையாவே ஏலாமல் இருந்திருந்தால், 'ஏலாது சேர்' எண்டு சொல்லியிருப்பன். மாட்டன் எண்டு சொல்லத்தான் எனக்குத் துணிவில்லை."

பல வருடங்களுக்கு முன் மறதியால் செய்ததை இந்த முறை வேண்டுமென்றே செய்தார். கணினியின் அமைப்புகளை எல்லோருக்கும் பூட்டினார். அட்மினுக்கும், தனக்கும் சேர்த்து. திகதியை யாராவது மாற்றினால் கணினி தானாகவே அதைக் குறித்து வைக்கும் ஒரு பதிவேடு உண்டு. அட்மின் நினைத்தால் அதை அழித்துவிடலாம். அந்தப் புதன்கிழமை நாங்கள் மாற்றியதும் குறிக்கப்பட்டிருந்த அந்தப் பதிவேட்டையும் அதே பூட்டுக்குள் வைத்தார். வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலும் வாசிக்க முடியாதபடி செய்தார். பின்பக்கத்தால் ஏறிக் குதித்த வழியையும் இந்த முறை அடைத்துவிட்டார். எல்லாவற்றையும் மீளத் திறக்க ஒரே ஒரு கடவுச்சொல். அதை இரண்டாகப் பிரித்தார். முதல் பாதி அவருக்கு, இரண்டாம் பாதி எனக்கு.

"நான் ஏன் மிஸ்?" என்று கேட்டேன்.

"நீங்களும்தானே அடிச்சனீங்கள்" என்றார்.

இரண்டு விதிகள் வைத்தோம். ஒருவர் பாதியை மற்றவருக்குச் சொல்வதில்லை. எங்கேயும் எழுதி வைப்பதில்லை. புதுப் பிரின்டர் வந்தாலோ வேறு ஏதாவது பொருத்த வேண்டியிருந்தாலோ இருவரும் அந்தக் கணினியின் முன்னால் இருப்போம். அவர் அடிக்கும்போது நான் யன்னலால் துறைமுகத்தைப் பார்ப்பேன். நான் அடிக்கும்போது அவர் சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்ப்பார். ஒருவர் லீவு என்றால் அன்று ஒன்றும் திறக்காது. அலுவலகத்தில் எங்களைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. "மாப்பிள்ளையும் பொம்பிளையும் கையெழுத்துப் போட வாங்க" என்று கூப்பிடுவார்கள்.

நான் ஒரே ஒரு கள்ளம் செய்திருக்கிறேன். யன்னலைப் பார்த்துக்கொண்டே அவர் விசை தட்டும் சத்தத்தை எண்ணியிருக்கிறேன். ஒன்பது.

ஒரு நாள் புதிய மேலதிகாரி வந்து, ஏதோ ஒரு பதிவை முந்திய நாளுக்கு மாற்ற ஏலுமா என்று கேட்டார். கெட்ட எண்ணமோ இல்லையோ, எனக்குத் தெரியாது. மிஸ் இரண்டு கைகளையும் விரித்து, "ஏலாது சேர்" என்றார். அவர் நம்பாமல் தானே இருந்து முயன்று பார்த்தார். திறக்கவில்லை. "அட்மினுக்கும் ஏலாதா? இது என்ன விசர்வேலை?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார். அன்று மிஸ் மத்தியானச் சாப்பாட்டில் எனக்கும் ஒரு மீன் துண்டு வைத்தார். பிளக் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார். அவரை நான் அவ்வளவு சந்தோசமாகப் பார்த்த நாள் வேறு இல்லை.

ஆனால் வரப்போகிற பொய்களைத்தான் அந்தப் பூட்டு தடுத்தது. போன பொய் போனபடியே இருந்தது. பாடு ஒருமுறை யாருக்குப் போகிறதோ, அடுத்த வருடங்களிலும் அவருக்கே முன்னுரிமை. பாக்கியராசா அண்ணன் தகப்பனின் பாட்டில் கூலிக்கு வலை இழுத்தார். வருடாவருடம் மனுவும் எழுதினார். ஒரு தடவை மிஸ் துணிந்து, நானும் அவருமாகத் திறந்து, திகதி மாற்றிய பதிவை அச்சடித்து அவருடைய மனுவோடு வைத்து அனுப்பினார். இதை யாரும் ரைப் அடிக்கலாம், கணினியிலேயே காட்டினால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஓடியது. கடைசியில் இந்த வருடம் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். குழு எங்கள் அலுவலகத்துக்கே வரும், கணினியை அவர்கள் முன்னால் திறந்து காட்டவேண்டும்.

"நம்மட பேரும் வெளிய வருமே மிஸ்" என்றேன்.

"வரட்டும் நானா. எங்கட பேர்தானே."

"வேலை போனா?"

"போனால் ஈச்சிலம்பற்றில எனக்கு ஒரு துண்டு வயல் கிடக்கு. உங்களுக்கு மாடு கிடக்கு." என் வீட்டில் மாடு இல்லை. இரண்டு ஆடுகள்தான். அதைச் சொன்னதும் சிரித்தார். அன்று பின்னேரமே பஸ் நிலையம்வரை நடந்துபோய்ப் பாக்கியராசா அண்ணனைச் சந்தித்து, "அண்ணன், இந்த முறை மெஷினையே திறந்து காட்டுறம்" என்று சொல்லியிருக்கிறார். அவர் அதை மூதூருக்குப் போகும் வழியெல்லாம் தெரிந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு போனாராம்.

விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது மிஸ்ஸுக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். நான்காம் நாள் வார்டில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நோயாளர்களைப் பார்க்க விடும் நேரத்தில் போனேன். கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தார். கையில் சேலைன். என்னைக் கண்டதும் மகளை இளநீர் வாங்கி வரச் சொல்லி அனுப்பினார்.

"நானா, கிட்ட வாங்கோ. என்ர பாதியைச் சொல்லுறன். கேட்டு வையுங்கோ."

இதைத்தான் நான் எழுதவேண்டும். இந்தக் கட்டுரையின் மற்றதெல்லாம் இதற்காகத்தான்.

"சொல்லாதீங்க மிஸ்" என்றேன். "சொகமாகி வந்து நீங்களே அடிங்க. நான் யன்னலப் பாத்துக்கிட்டு நிக்கிறன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவசரத்துக்குத்தான் நானா" என்றார்.

"ஒரு அவசரமும் இல்ல. விதியெண்டா விதி. நீங்க வெச்சதுதானே."

"சரி" என்றார். "வந்து அடிக்கிறன்." கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மகள் இளநீரோடு வந்தார். நான் மகளிடம் அம்மாவுக்கு ஒன்றுமில்லை, இரண்டு நாளில் எழும்பிவிடுவா என்று பெரிய டொக்டர் மாதிரிச் சொல்லிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை அவருக்கு நினைவு தப்பியது. செவ்வாய்க்கிழமை காலை நான் பாலத்தில் நின்றேன்.

நான் ஏன் கேட்கவில்லை? கேட்டால் அவர் பிழைக்கமாட்டார் என்பதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். அது உண்மை. நாங்கள் வைத்த விதியை அதுவரை ஒரு தடவைகூட மீறியதில்லை, எண்ணியதைத் தவிர. அதுவும் உண்மை. ஆனால் இன்னொன்றும் இருந்தது. பாதி என் கைக்கு வந்தால் விசாரணைக் குழுவின் முன்னால் தனியாக நிற்கவேண்டியவன் நான், அந்தப் பற்றுச்சீட்டை அடித்தது நான்தான் என்று தனியாகச் சொல்லவேண்டியவன் நான். அந்தப் பயம் அந்தக் கட்டிலருகில் என்னோடு நின்றதா என்று இந்த முப்பது நாளும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிற்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

செத்தவீட்டுக்குப் பாக்கியராசா அண்ணன் வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலின் ஓரத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். பெட்டியை எடுத்த பிறகு கேட்டார்.

"நானா, மிஸ் கடைசியா ஏதும் சொல்லிப்போட்டுப் போனவவோ?"

"இல்ல அண்ணன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "பாவம். அவவுக்கு நேரம் கிடைக்கயில்லை" என்றார்.

செத்தவீட்டுக்கும் விசாரணைக்கும் இடையில் இருந்த நாட்களில் நான் தினமும் அந்தக் கணினியின் முன்னால் இருந்தேன். ஒரு நாளைக்கு மூன்று தடவைதான் அது முயல விடும். பிழைத்தால் அடுத்த நாள்வரை பூட்டிக்கொள்ளும். அதையும் அவரே அப்படி வைத்திருந்தார். ஒன்பது எழுத்து. மகளின் பெயரை அடித்துப் பார்த்தேன். கணவரின் பெயரை, ஊரின் பெயரை, படித்த பாடசாலைகளின் பெயர்களை. பிறகு ஒரு காலை, தலையில் அடித்த மாதிரி ஒன்று தோன்றியது. என் பாதி என்னவென்று இப்போது சொல்வதில் பிழையில்லை. அந்தப் பொய்ப் பற்றுச்சீட்டின் கிழமையும் நேரமும்தான் அது, திங்கள் எட்டு ஐந்து. மறக்கக் கூடாதென்று அதை வைத்தேன். அப்படியென்றால் அவர் உண்மைப் பற்றுச்சீட்டின் நேரத்தை, பாக்கியராசா அண்ணனின் நேரத்தை வைத்திருப்பார் அல்லவா? ஆங்கிலத்தில் சுருக்கி எழுதி எண்ணிப் பார்த்தேன். சரியாக ஒன்பது வந்தது. பிஸ்மி சொல்லி அடித்தேன். யாரும் இல்லாத அறையில், பழக்கத்தில், என் பாதியை அடிக்கும் முன் திரும்பி அந்தக் கலண்டர்ப் பக்கம் பார்த்தேன். பிறகு என் பாதியை அடித்தேன்.

திறக்கவில்லை. எழுத்தை மாற்றி மாற்றி மூன்று தடவையும் அடித்தேன். திறக்கவில்லை.

விசாரணைக்குக் குழு வந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். திகதியை மாற்றச் சொன்னது யார், மாற்றியது யார், அடித்தது யார் என்று. வார்டில் நடந்ததைத் தவிர எல்லாவற்றையும். மூன்று வரி எழுதினார்கள். ஆதாரம் என்று கேட்டார்கள். இந்த மெஷினுக்குள் இருக்கிறது என்றேன். திறந்து காட்டுங்கள் என்றார்கள்.

"ஏலாது சேர்" என்றேன்.

மிஸ் ஆசைப்பட்ட சொல் அது. அன்று அதை நான் சொன்னேன், முழு உண்மையாக. கொழும்பிலிருந்து அவர்களோடு வந்திருந்த தொழில்நுட்ப அலுவலர் ஒரு மணித்தியாலம் முயன்று பார்த்தார். கடைசியில், "இதை இவ்வளவு நல்லாப் பூட்டின ஆள் யாரு?" என்று கேட்டார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். ஆதாரம் இல்லாத முறைப்பாடு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். முன்னைய மேலதிகாரிக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை.

அடுத்த கிழமை அந்தக் கணினியை முழுதாக அழித்துப் புதிதாக நிறுவினார்கள். பழைய பதிவேடு அதோடு போயிற்று. அட்மினின் அனுமதிகள் எல்லாம் மீட்டுக் கொடுக்கப்பட்டுவிட்டன என்று சுற்றறிக்கை வந்தது. புதிய அட்மின் ஒரு நல்ல பிள்ளை. முதல் நாளே என்னிடம், "இனிப் பயமில்லை அங்கிள், செற்றிங்ஸ் எல்லாம் எனக்குத் திறக்குது" என்றார். திகதியை மாற்றும் இடத்தைத் திறந்தும் காட்டினார். நான் பார்த்தேன். ஒரு தடவை அழுத்தினால் போதும், எந்தத் திங்கட்கிழமைக்கும் போகலாம்.

போன சனிக்கிழமை, இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு சம்பூருக்குப் போனேன். அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் ஒருவருக்கு இதை வாசித்துக் காட்டவேண்டியிருந்தது. பாக்கியராசா அண்ணன் கடற்கரையில் நின்றார். வலை கடலில் கிடந்தது, இழுக்க இன்னும் நேரம் இருந்தது. கட்டுமரத்தடியில் குந்திக்கொண்டு கேட்டார். வார்டில் நடந்ததை நான் வாசித்தபோது கையில் இருந்த கயிற்றை முறுக்குவதை நிறுத்தினார். செத்தவீட்டில் நான் சொன்ன பொய்யையும் வாசித்தேன்.

ஏசுவார் என்று போனேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப மிஸ் சொல்லத்தான் பாத்தவ" என்றார்.

"ஓம் அண்ணன்."

"நீங்கதான் கேக்கயில்லை."

"ஓம்."

அவர் கடலைப் பார்த்தார். அதற்குள் இழுக்க வரச்சொல்லி, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் ஆட்கள் தூரத்தில் நின்று கூப்பிட்டார்கள். எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டார். "வாறன் நானா, பிந்தினால் பேசுவாங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய், வரிசையின் கடைசியில் கயிற்றைப் பிடித்தார். தகப்பனின் பாட்டில், இன்னொருவரின் வலையை, காலை மண்ணில் ஊன்றி இழுக்கத் தொடங்கினார். வலை கரைக்கு வரும்வரை நான் நின்று பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மிஸ், நம்முடைய யன்னலால் இன்றைக்கும் துறைமுகம் தெரிகிறது. நீங்கள் அடிக்கும்போது மட்டும் அதைப் பார்த்துப் பழகியவன், இப்போது சும்மா இருக்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் விசை தட்டும் சத்தம் கேட்பதில்லை. உங்கள் துணி இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. காலையில் பிளக்குகளை நான் துடைக்கிறேன், உங்கள் அளவுக்கு வராது. நீங்கள் சொல்ல வந்தீர்கள், நான் கேட்கவில்லை. போய் வாருங்கள் மிஸ்.